கடைசிப் பக்கம் உங்கள் பங்கு

அவள் எனக்கு அக்காவா, நான் அவளுக்கு அக்காவா என்பது இன்றுவரை தீராத வழக்கு. நேரில் பார்த்திருந்தால் நரையைப் பார்த்து, நடையைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். நாங்கள் பேசியதெல்லாம் கம்ப்யூட்டரில். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படம் இருந்தது. என் முகம் இருக்க வேண்டிய இடத்தில், மருமகள் கவிதா அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டுவிட்டதால், டவுசர் போடாத ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. பூனையும் குழந்தையும் ஒன்றையொன்று அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டன. வயதைக் கேட்க எனக்கு ஆசைதான். கேட்டால் நம் வயதையும் சொல்ல வேண்டி வருமே. அவளும் அதே கணக்கைப் போட்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் சிகந்திராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் இருந்தவரைக்கும் எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பக்கத்து வீட்டுக்காரி வேலூர், அந்தப் பக்கம் ஜோலார்பேட்டை, எதிர்வீடு திருச்சி. அவர் போனபிறகு மகன் என்னைக் கொண்டாப்பூருக்குக் கூட்டிவந்து ஏழாவது மாடியில் வைத்தான். அவனும் கவிதாவும் காலையில் மாதாப்பூர் ஆபீசுக்குப் போய்விடுவார்கள். பகலெல்லாம் என்னோடு பேசுகிற ஒரே ஆள் லிஃப்ட். அதுவும் இங்கிலீஷில் கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

வாட்ச்மேனோடு நான் தினமும் சண்டை போடுவது கவிதாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் காதில் மாட்டுகிற சாமானைக் கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தாள்.

"அத்தை, அந்த மனுஷன விட்டுடுங்க. கம்ப்யூட்டர்ல பேசறதுக்கு ஒரு ரூம் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் தமிழ்ல பேசுவாங்க. புக் பத்தி."

"புக்கா? எனுக்கா? நக்கோ, வேணாம்."

"கேக்க மட்டும் கேளுங்க. பேச வேணாம்."

பேச வேண்டாம் என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. முதல் சனிக்கிழமையே ஒரு பெரியவர் ஏதோ ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். நான் சுண்டல் தாளித்து இறக்கிவிட்டு வந்தேன். அவர் இன்னும் முன்னுரையிலேயே இருந்தார்.

"அதெல்லாம் கெடக்கட்டும் சார்," என்றேன். "அந்தப் பொண்ணு கடேசீல இன்னா ஆனா? அத்த சொல்லுங்க."

ரூமில் ஒருத்தி சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடிந்தது. படத்தில் பார்த்தால் பூனை.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பூனையே கூப்பிட்டது. "அக்கா, சாப்பிட்டாச்சா?"

அவள் குரலை வைத்தும் எதையும் சொல்ல முடியாது. சிரித்தால் கல்லூரிப் பெண். இருமினால் கிழவி. பேச்சில் திருச்சிப் பக்கத்து மரியாதை. எல்லாவற்றுக்கும் "ங்க" போடுவாள். எங்கள் பக்கத்தில் கூடப் பிறந்த அக்காவையே "நீ" என்றுதான் சொல்லுவோம். நான் "நீ" என்றதில் அவள் சின்னவளாகிவிடவில்லை, அவள் "நீங்க" என்றதில் நான் பெரியவளாகிவிடவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் "இங்கதான்" என்பாள். திருச்சி என்று நானே வைத்துக்கொண்டேன். இடையிடையே அவள் வாயில் "ஹவ்", "நக்கோ" என்று, ஆமாம், வேண்டாம் என்பதற்கு நம் ஊர்ப் பேச்சு விழும். என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எதையும் கடைசிவரைக்கும் கொண்டுபோக மாட்டாள். காப்பி குடித்தால் அடியில் ஒரு வாய் மிச்சம் வைப்பாள். அவளே சொல்லியிருக்கிறாள். பேச்சை முடிக்கும்போது "சரி, வைக்கிறேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அப்புறம் அக்கா, நாளைக்கு வந்து..." என்பாள், டொக்கென்று சத்தம் நின்றுவிடும். நாளைக்கு வந்து என்ன என்று நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

சமையல் குறிப்பும் அப்படித்தான். ஒருநாள் ரசம் சொன்னாள். புளி கரைத்து, தக்காளி பிசைந்து, பொடி போட்டு, நுரை கட்டுகிற இடம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

"அப்பறம்?"

"அப்புறம் என்ன, கடைசியில போடறது உங்க பங்கு. போட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்க."

நான் எரிச்சலில் ஒரு கட்டி வெல்லத்தைப் போட்டேன். போட்டதையும் சொன்னேன். "வெல்லமா!" என்றாள். ஏதோ நகை வாங்கிக் கொடுத்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம்.

கதைகளும் அந்த வழிதான். மத்தியானத்தில் அவள் படித்த கதைகளைச் சொல்லுவாள். ஆளை எழுந்து போகவிடாமல் சொல்லுவாள். எனக்குக் குக்கர் விசில் காதில் விழாது. சரியாகக் கழுத்துக்குக் கத்தி வரும் இடத்தில், "கடைசிப் பக்கம் உங்க பங்கு அக்கா. உங்ககிட்டதான் புத்தகம் இருக்குமே, படிச்சிட்டுச் சொல்லுங்க" என்பாள்.

புத்தகம் இருப்பதாக முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். "அலமாரி பூரா அதுதான் அக்கா, இன்னொண்ணு வெக்க எடமில்ல." அலமாரியில் இருந்தவை என் மகனின் கம்ப்யூட்டர் புத்தகங்கள். ஒவ்வொன்றும் தலகாணி தடிமன். வடாம் காயும்போது துணி பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் வைப்பேன், அந்த மட்டில் உபயோகம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் எங்கள் வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்த பண்டிதை நான் ஒருத்திதான். மகனும் மருமகளும் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள். பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கும் இங்கிலீஷும். ஆகவே என்னைத் திருத்த வீட்டில் ஆளில்லை.

படிக்காத கதைக்கு முடிவு சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. பூண்டு உரித்துக்கொண்டே யோசித்தால் வந்துவிடும். இரண்டு பெண்டாட்டிக்காரன் கதையா? இரண்டு பேரும் சேர்ந்து அவனை மாமியாரோடு விட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். வரதட்சணை பத்தவில்லை என்று கல்யாணத்தை நிறுத்தின மாப்பிள்ளையா? அவன் வேலை செய்யும் ஆபீசுக்கு அந்தப் பெண்ணே மேனேஜராக வந்தாள், அவனை டீ வாங்கிவர அனுப்பினாள். அவள் ஒவ்வொன்றுக்கும் இருமுகிறவரைக்கும் சிரிப்பாள். "அப்படியா முடிச்சிருக்காங்க? அடடா, நல்லாத்தான் முடிச்சிருக்காங்க" என்பாள். பாவம், நம்புகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி.

ஒரு மழைக்காலத்தில் சாரதா கதை சொன்னாள். அவளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்த கதை. சாரதாவுக்கு டெலிபோன் ஆபீசில் வேலை. புருஷன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். கையில் சின்னப் பையன். அவனை வளர்க்கிறாள், படிக்கவைக்கிறாள், கேட்கிறவர்களுக்கெல்லாம் வெடுக்கென்று பதில் சொல்லுகிறாள். பல வருஷம் கழித்து ஒரு மழை நாளில் கதவு தட்டுகிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன். தொப்பலாக நனைந்து நிற்கிறான். சாரதாவின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது.

"கை தாழ்ப்பாள்ல இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்திவிட்டாள்.

"ஐயோ, தெறந்தாளா இல்லியா?"

"கடைசிப் பக்கம் உங்க பங்கு அக்கா."

மறுநாள் நான் சொன்னேன்: "தெறந்தா அக்கா. ஒரு கொடைய எடுத்தாந்து அவன் கையில குடுத்தா. நனையாம போய்யான்னா. கதவ சாத்திக்கினா. அவ்ளோதான் கதை."

சிரிப்பு வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று வயரைக் குலுக்கிப் பார்த்தேன்.

"குடையா?" என்றாள் கடைசியில்.

"கொடைதான். கறுப்புக் கொடை. வளைஞ்ச புடி."

"திட்டலையா?"

"எதுக்குத் திட்டணும், அவன் வெளியில நிக்கிறான், இவ உள்ள கீறா."

அதற்கப்புறம்தான் சிரித்தாள். அன்றைக்கு மாதிரி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. இருமல், மறுபடி சிரிப்பு, மறுபடி இருமல். "குடையக் குடுத்து அனுப்பிட்டாளா, குடையக் குடுத்து..." என்று சொல்லிக்கொண்டே டொக்கென்று வைத்துவிட்டாள்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் கதை எதுவும் சொல்லவில்லை. "அக்கா, எங்க வீட்ல ஒரு குடை இருந்துச்சு, போச்சு" என்றாள்.

"தொலைச்சிட்டியா?"

"இல்ல. குடுத்துட்டேன்."

"நல்ல ஆளு. இந்த வெய்யில்ல கொடையத் தானம் பண்ணிட்டு நீ கறுத்துப் போ."

"கறுத்துட்டுப் போறேன்," என்றாள். குரல் அன்றைக்குக் கல்லூரிப் பெண் குரல். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடை என்றால் தொலையத்தானே செய்யும்.

வருஷப் பிறப்பு வந்தால் ரூமில் ஒரு வழக்கம். ஆளாளுக்கு இந்த வருஷம் இன்னின்ன புத்தகம் படிப்பேன் என்று பந்தயம் கட்டுகிற மாதிரி சொல்ல வேண்டும். சேலஞ்ச் என்று பெயர். ரூமை நடத்துகிறவர் துபாயில் இருக்கும் ஒரு தம்பி. அவர் எல்லாரையும் கேட்டு எழுதிக்கொள்வார். அந்த வருஷம் அவள் ஏழெட்டுப் பெயர் சொல்லிவிட்டு, கடைசியாக சாரதா கதையைச் சொன்னாள். "இது மட்டும் எனக்கும் எங்க அக்காவுக்கும் சேத்து எழுதிக்கங்க தம்பி. நான் திரும்பப் படிக்கப் போறேன். அக்காவும் படிப்பாங்க."

மறுநாள் நான் பாய்ந்தேன். "என்னைய ஏன் இஸ்த்துவுட்ட? நான்தான் படிச்சிட்டேனே?"

"அதனால என்ன, இன்னொரு தரம் படிங்க. எனக்காக," என்றாள். "அப்புறம் அக்கா, நாளைக்கு வந்து..."

டொக்.

அந்த நாளைக்கு வரவில்லை. மூன்று மணிக்குக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவேன். பூனை தூங்கிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். கோபமோ என்று நினைத்தேன். நான் சொன்ன முடிவுகளின் குட்டு உடைந்துவிட்டதோ என்றும் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை துபாய் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். அவள் மகன் இங்கிலீஷில் எழுதியிருக்கிறாராம். நெஞ்சு வலி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. அதுதான் முதல் குழப்பம். முகம் தெரியாத ஆளுக்கு எப்படி அழுவது? பூனையை நினைத்தா அழுவது?

தம்பி சொன்னார்: "அவங்க இந்த வருஷம் படிக்கிறேன்னு சொன்னத நாம படிச்சு முடிப்போம். ஆளுக்கு ஒண்ணு. அதுதான் அவங்களுக்கு நாம செய்யற மரியாதை."

ஆளாளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். "சாரதா என்னுது. என் பேரும் சேந்து கீது," என்றேன்.

"அதுலதான் சிக்கல்மா," என்றார் தம்பி. "அது புத்தகமா வரவேயில்லை. எப்பவோ ஒரு வாரப் பத்திரிகையில தொடர்கதையா வந்ததோட சரி. எங்க தேடியும் கிடைக்கல. உங்ககிட்ட இருக்கா?"

என் காதில் மாட்டியிருந்தது சூடாகிவிட்டது. புத்தகமாகவே வராத கதை. அதை என் அலமாரியில் இருக்கிறது என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டா "கடைசிப் பக்கம் உங்க பங்கு" என்றாள்? தெரிந்துகொண்டா சிரித்தாள்? என்னை ஏமாளியாக்க வேண்டுமென்றால் பிடித்து நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?

அவள் மகனிடம் ஒரு பிரதி இருக்கிறது என்று தம்பியே விசாரித்துச் சொன்னார். கவிதா விலாசத்தைப் படித்தாள். மாரெட்பள்ளி.

"எந்த மாரெட்பள்ளி?"

"நம்ம மாரெட்பள்ளிதான் அத்தை. சிகந்திராபாத்."

லாலாகுடாவிலிருந்து கூப்பிடு தூரம். முப்பது வருஷம் நான் அந்தக் கடைத்தெருவில் காய்கறி வாங்கியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கூடையில் கத்தரிக்காய் பொறுக்கியிருப்போம், ஒருத்தி முழங்கை ஒருத்தி மேல் பட்டிருக்கும், முறைத்துக்கொண்டும் இருந்திருப்போம். நக்கோவை அவள் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மகன் முப்பத்தைந்து வயசுக்காரர். கல்யாணம் ஆகவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரோ வையப்போகிறார்கள் என்கிற மாதிரி நின்றார். "வாங்க ஆன்ட்டி. அம்மா உங்களப் பத்தி ரோஜ், ஒருநாள் விடாம பேசுவாங்க."

நான் உள்ளே போனதும் முதலில் சுவரைத்தான் பார்த்தேன். நரையைப் பார்த்துவிடலாம், வழக்கு தீர்ந்துவிடும் என்று. மாலை போட்ட படத்தில் இருபது வயசுப் பெண் ஒருத்தி வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்புறம் அம்மா போட்டோவே எடுத்துக்கல," என்றார். "போறப்ப சிக்ஸ்டி ஒன்."

என் ரேஷன் கார்டுப்படி நான் அக்கா. வீட்டுக்காரரின் ரயில்வே பாஸ்படி அவள் அக்கா. எங்கம்மா வாய்க்கணக்கில் ஒவ்வொரு தரமும் ஒரு வயசு வரும். பொழச்சுப்போ என்று படத்தைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன்.

"ஆன்ட்டி, ரசத்துல வெல்லம் போடறது நீங்க சொன்னதா?" என்று கேட்டார் அவர். "திடீர்னு ஒருநாள் போட ஆரம்பிச்சாங்க. அப்புறம் நிறுத்தவே இல்ல."

கவிதா என்னைப் பார்த்தாள். நான் மோர் குடித்தேன்.

அவர் கொண்டுவந்து கொடுத்தது வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, பச்சை அட்டை போட்டு பைண்டு பண்ணின கட்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து சாயங்காலத்தில் கவிதா காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். விரலை வைத்து, வாய்விட்டு. மூன்றாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து.

அவள் வாயால் சொன்னபோது கதை பத்து மத்தியானத்தில் முடிந்தது. என் விரல் போன வேகத்துக்கு மழைக்காலமே வந்துவிட்டது. கதையும் நேராகப் போகவில்லை.

"புருஷன் போன திசையைப் பார்த்தபடி சாரதா நின்றாள்," என்று படித்தேன். "நெல்லிக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்து..."

"ஏன் அத்தை, புருஷன் போய்ட்டான், ஊறுகா போடறாளா?"

"மனசுக்கு ஆறுதலா இருக்கும்டி. சும்மா கேளு."

"காரம் வேண்டுவோர் கூடுதலாகச் சேர்க்கலாம்" என்கிற வரைக்கும் போனபிறகுதான், பக்கத்துப் பத்தியில் இருந்த சமையல் குறிப்புக்குள் என் விரல் போய்விட்டது தெரிந்தது. பத்திரிகைத் தாள் அல்லவா? கதைக்குப் பக்கத்தில் கூந்தல் தைலம், அதற்குப் பக்கத்தில் ராசிபலன். சாரதாவுக்குத் தலைமுடி கொட்டியது, குரு பார்வை வந்தது, எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்துவிட்டுப் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய குழப்பம் சாரதாவே. அவள் சொன்ன சாரதாவுக்கு வெடுக்கென்று நாக்கு உண்டு. தாளில் இருந்த சாரதா வாயே திறக்கவில்லை. அழுதாள். பூஜை அறையில் அழுதாள், டெலிபோன் ஆபீசில் அழுதாள், பஸ்ஸில் அழுதாள். நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டினேன். அழுதாள் என்றுதான் இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். மற்ற தாளெல்லாம் மொறமொறவென்று இருக்க, அது மட்டும் பழைய வேட்டி மாதிரி துவண்டு கிடந்தது. மடித்த இடம் கிழிந்து, ஒட்டி, ஒட்டின இடமும் கிழிந்திருந்தது. அத்தனை தரம் அதைத் திருப்பியிருக்கிறாள். எனக்குச் சொல்லாத பக்கத்தை.

"சாரதா கதவைத் திறந்தாள்," என்று படித்தேன். "அவன் கால்களில் விழுந்தாள். நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று விம்மினாள். அவன் அவள் கண்ணீரைத் துடைத்தான். மழை நின்றது."

கவிதா கத்தியைக் கீழே வைத்தாள். "அவ்ளோதானா? கால்ல விழுந்துட்டாளா? இதுக்கா அத்தை இத்தனை நாள் எழுத்துக்கூட்டினீங்க?"

முடிவு அவளுக்குத் தெரியும். மனப்பாடமாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னிடம் கேட்டாள். நான் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்த மத்தியானங்களில் எல்லாம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது மட்டும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை ரூமில், முடித்துவிட்டேன் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். "முடிவு எப்படிம்மா?" என்று தம்பி கேட்டார். "கடைசிப் பக்கம் உங்க பங்கு," என்று சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கிவிட்டேன்.

கட்டைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் மாரெட்பள்ளிக்குப் போனோம். வாசலில் தூறல். கவிதா குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள். மகன் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். நான் அஞ்சாவது படிக்கறப்ப எங்கப்பா போய்ட்டாரு. எங்கேன்னு தெரியாது. போன வருஷம் மே மாசம் வந்தாரு. கேட் கிட்ட நின்னாரு. வயசாயிடுச்சு. உள்ள கூப்பிடலாம்னு நான் எழுந்தேன். அம்மா என் தோளப் புடிச்சு உக்கார வெச்சாங்க. உள்ள போனாங்க. ஒரு குடை எடுத்துட்டு வந்தாங்க. கேட்டத் தொறந்து அவர் கையில குடுத்தாங்க. கேட்டச் சாத்தினாங்க. ஒரு வார்த்த பேசல."

"மழையா அன்னிக்கு?" என்று கவிதா கேட்டாள்.

"மழை எங்க? ரோட்டுல தார் உருகுது."

"அவரு இன்னா பண்ணாரு?" என்றேன்.

"கொஞ்ச நேரம் நின்னாரு. குடைய விரிச்சாரு. போய்ட்டாரு. அப்புறம் வரல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு அம்மா நல்லா சாப்பிட்டாங்க, பாட்டு வெச்சாங்க. எனக்கு பயமா போச்சு. மூளைக்கு ஏதாவது ஆயிடுச்சா? ஐசா கைக்கு, ஏன் இப்படி பண்ணாங்க? கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். கேக்கல. இப்ப யாரக் கேக்கறது?"

நான் பூண்டு உரித்துக்கொண்டே தூக்கிப்போட்ட குடை அது. கறுப்புக் குடை, வளைந்த பிடி. ஒரு மனுஷனை வெயிலில் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அப்பனை இல்லாமல் ஆக்கியதா, ஒருத்தியை நிமிர்த்தி நிற்கவைத்ததா? இரண்டும் என் கையால் நடந்ததா, இல்லை அவளே முடிவு செய்துவிட்டு என் வாயால் சொல்லவைத்துக் கேட்டாளா? சுவரில் இருபது வயசுப் பெண் வாயை இறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

"அம்மா எப்பவும் இதத்தான் கையில வெச்சிட்டு இருப்பாங்க," என்று கட்டை என்னிடம் நீட்டினார். "எனக்குத் தமிழ் எழுத்து வராது ஆன்ட்டி. கடைசிப் பக்கம் மட்டும் படிச்சுக் காட்டறீங்களா?"

துவண்ட தாளைப் பிரித்தேன். விரலை வைத்தேன்.

"சாரதா கதவைத் திறந்தாள்," என்று படித்தேன். அது அப்படியே இருந்தது.

விரல் அடுத்த வரிக்குப் போனது. வரியில் கால் இருந்தது, கண்ணீர் இருந்தது. நான் எழுத்துக்கூட்டுகிற வேகத்திலேயே, ஒவ்வொரு சொல்லாக, அச்சில் இருப்பது போலவே நிறுத்திச் சொன்னேன்.

"ஒரு குடையை... எடுத்து வந்து... அவன் கையில் கொடுத்தாள். நனையாமல் போங்கள் என்றாள். கதவைச் சாத்தினாள்."

கவிதா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறக்கப்போனாள். அவள் கால் கட்டைவிரலை என் குதிகாலால் ஒரு அழுத்து அழுத்தினேன்.

அவர் தாளின் மேல் குனிந்தார். "புக்லயே இருக்கா? குடை?"

"எழுத்தாவே கீது, பாரு."

பார்த்தார். அவருக்குத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்தார். தோள் தளர்ந்து இறங்கியது. "அப்ப அம்மாக்கு ஒண்ணும் ஆகல," என்றார். "கதையப் பாத்துதான் பண்ணியிருக்காங்க." சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே இருமலில் போய் முடிந்தது. எனக்கு அப்போதுதான், அத்தனை மாசத்துக்கு அப்புறம், கண்ணில் தண்ணீர் வந்தது.

"அவ்ளோதானா ஆன்ட்டி? அதுக்குக் கீழ ஏதோ இருக்கே?"

கீழே நடுவில் தனியாக ஒரு சொல் இருந்தது. விரலை அங்கே கொண்டுபோனேன்.

"முற்றும்," என்றேன். அதை மட்டும் உள்ளபடியே படித்தேன்.